நிப்பாட்ட முன்னம் பெற்றோல்

நோயாளர் வண்டி ஓட்டப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கு எழுதுகிறேன். இப்போது இரண்டு தங்கச்சிமாரும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்களாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் பிழை பிடிக்க இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆள் கிடையாது. குருநகர்க் கடலில் வள்ளத்து மெசின், பேந்து மீன் லொறி, அதற்குப் பிறகு நோயாளிகளின் கார், கடைசியில் சைரன் வைத்த வான். என் கையால் ஓடாத மெசின் இல்லை. தொண்டைமானாற்றுத் தேர்த் திருவிழாச் சனத்துக்குள்ளால் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோனவன் நான். ஒரு ஆளின் செருப்பில்கூடச் சில்லுப் படவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். படித்தவன் தன் பெருமையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். எனக்குச் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லை, வாயால் சொல்கிறேன்.

போன கிழமை உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வேலை தொடங்கி ஆறு நாளாம். "அண்ணை, போன் அடிச்சாலே கை நடுங்குது. சாப்பாடு இறங்குதில்லை. எனக்கு இந்த வேலை சரிவராதோ?" என்று கேட்டார். என் பெருமைகளில் இரண்டு மூன்றை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்பினேன். ஆள் போன பிறகுதான், கேட்டதற்கு நான் பதில் சொல்லவேயில்லை என்பது உறைத்தது. பதிலைச் சொல்வதென்றால் என் மானத்தையும் கொஞ்சம் இழக்க வேண்டும். அதனால்தான் வாயில் வரவில்லை. எழுத்தில் வருகிறதா பார்ப்போம்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, மார்கழி மாதம். எனக்கு முப்பத்திரண்டு வயது. சண்டையில் எங்கள் ஒழுங்கையில் செல் குண்டு விழுந்த பிறகு குருநகரில் இருக்கவும் ஏலாது, கடலுக்குப் போகவும் ஏலாது. மனிசி மேரியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வந்து இருந்தேன். வகுப்பறையில் பாதிதான் எங்களுக்கு. மற்றப் பாதியில் இன்னொரு குடும்பம், நடுவில் ஒரு சீலை. தோட்டக்கார ஊரில் கடல்காரனுக்கு என்ன வேலை? வெங்காயம் நடப் போய், அதைத் தலைகீழாக நட்டவன் என்று பெயர் எடுத்ததுதான் மிச்சம்.

அந்த ஊர்ச் சனம் சேர்ந்து ஒரு மருந்துச்சாலை நடத்தினார்கள். பென்சன் எடுத்த அப்போதிக்கரி ஒருவர் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுப்பார். நிர்வாகம் முழுக்கக் கிளாக்கர் ஐயா. அவரும் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளை வேட்டி, காதில் ஒரு பென்சில். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ஆட்களுக்காக ஒரு பழைய சோமசெட் காரை வைத்திருந்தார்கள். அதை ஓட்டியவர் வன்னிப் பக்கம் போக வெளிக்கிட்டதால் ஆள் தேடினார்கள்.

அந்தக் காலத்தைக் காணாதவர்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். அரசாங்கத்தின் தடையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. வந்தாலும் மருந்துப் போத்தல் அளவில்தான் வரும். ஆகவே கார், மோட்டச்சைக்கிள், தோட்டத்து இறைப்பு மெசின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் குளிர்ந்த மெசின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. அதனால் மெசினை மூடுகிற பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலில் பெற்றோல் தொங்கும். பெற்றோலில் கிளப்பி, மெசின் சூடேறினதும் ட்ரைவரின் காலடியில் இருக்கிற குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் மறப்பது மற்றப் பாதியை. காரை நிற்பாட்டுவதற்கு முதலும் குழாயைத் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, ஒரு நிமிசம் ஓட விட்டு, காபரேற்றருக்குள் பெற்றோல் நிறைந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை மெசின் கல்லுமாதிரிக் கிடக்கும்.

கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "மண்ணெண்ணெய்க் கார் ஓடிப் பழக்கமோ?" என்று கேட்டார்.

"ஐயா, நான் கடலுக்குள்ளையே மண்ணெண்ணெயிலை ஓடினனான். மெசின் எண்டால் எல்லாம் ஒண்டுதான். கடலிலை நிண்டால் இறங்கித் தள்ளவும் ஏலாது. உது றோட்டிலை ஓடுறதுதானே" என்றேன்.

உண்மையில் நான் மண்ணெண்ணெய்க் கார் ஓட்டியதில்லை. லொறி ஓட்டின லைசென்ஸ் இருந்தது, அது டீசல் லொறி. வள்ளத்து மெசின் தெரியும், ஆனால் எங்கள் வள்ளத்தில் அதைக் கிளப்புவதும் நிற்பாட்டுவதும் என் தமையன். நான் வலைக்காரன். இதையெல்லாம் கிளாக்கர் ஐயாவுக்குச் சொல்லவில்லை. வகுப்பறையில் பாதியில் இருக்கிறவன் அப்படியெல்லாம் சொல்ல மாட்டான்.

பழைய ட்ரைவர் ஒரு பின்னேரம் என்னோடு காரில் வந்து எல்லாம் காட்டினார். பேர் கேட்க மறந்துபோனேன், அவ்வளவு பதற்றம். இறங்கிப் போகும்போது, "தம்பி, நிப்பாட்ட முன்னம் மூக்கை வெளியிலை நீட்டும். புகை மணம் மாறினால்தான் பெற்றோல் போய்ச் சேர்ந்திட்டுது எண்டு அர்த்தம்" என்று சொன்னார். "எனக்குத் தெரியாததோ அண்ணை?" என்றேன். அந்த மனிசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது.

அன்று தொடங்கியது எனக்கு நடுக்கம். காலமை மூன்று தரம் வெளியில் போய்வந்தேன். மேரி புட்டைக் குழைத்துக் கையில் தந்தால் தொண்டைக்குக் கீழே இறங்காது. "இஞ்சாருங்கோ, புயலுக்குள்ளை கடலுக்குப் போய் வந்து மீன் வித்த மனிசன் நீங்கள். ஒரு காருக்கு ஏன் உப்பிடிச் சாகிறியள்?" என்பாள். எனக்கே அது விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், கடலில் பயப்படலாம். தமையனும் பயப்படுவான், மாதாவே என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தலாம். புது வேலையில் பயப்பட ஏலாது. எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் உன்னோடு சேர்ந்து கத்த மாட்டார்கள்.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது கிளாக்கர் ஐயாவின் பென்சில். சேலைன் போத்தலில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பின்னேரமும் பொனற்றைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பெற்றோல் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு கீறுவார். "ம்" என்பார். முதல் நாள் கோடு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த "ம்" கொஞ்சம் நீண்டு போனதாக எனக்குப் பட்டது. அன்று இரவு நித்திரை இல்லை.

அடுத்த நாள் ஒரு யோசனை வந்தது. நிற்பாட்ட முதல் ஏன் பெற்றோலை எரிப்பான்? மெசின் சூடாக இருந்தால் மண்ணெண்ணெயிலேயே திரும்பக் கிளம்பும். இரண்டாம் நாள் அப்படியே நிற்பாட்டினேன். நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்து மெசின் கிளப்புகிற ஹான்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன், கிளம்பிவிட்டது. இரவு கடைசியாக நிற்பாட்டும்போது மட்டும் பெற்றோல் விட்டேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். பின்னேரம் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. கிளாக்கர் ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பரவாயில்லை. நீர் கவனமான ஆள்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். "பாத்தியே மேரி, மூளை வேணும்" என்றும் சொன்னேன்.

நாலாம் நாள் காலமை ஒன்பது மணி இருக்கும். தோட்டத்தில் ஒருவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது என்று சைக்கிளில் ஆள் வந்தது. சிவராசா என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர். வாய்க்காலில் தண்ணி மாற விடும்போது, வரம்புப் புல்லுக்குள் கிடந்தது கொத்திவிட்டது. "இஞ்சை அதுக்கு ஊசி இல்லை. நேரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடும்" என்றார் அப்போதிக்கரி. ஓடினேன். அவர் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால் காரைக் கொண்டுபோய் விட்டு, சாவியைத் திருப்பி நிற்பாட்டினேன். குழாயைத் தொடவில்லை.

உள்ளே போனால், முற்றத்தில் பாயில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. பல் முரசில் இருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருடைய மனிசி பரமேசக்கா, நாற்பது வயது வரும், இறைப்புக்கு நின்ற சேறு காலில் காயாமல் நின்றார். எதிரே சிவராசாவின் தமையன்.

"விசகடிப் பரியாரியாருக்கு ஆள் விட்டிருக்கு. அவர் வந்து பாக்காமல் ஆளை அசைக்கக் கூடாது" என்றார் தமையன்.

"அவர் வந்து சேர முதல் இவர் போய்ச் சேந்திடுவார் அத்தான். கார் வந்து நிக்குது" என்றார் பரமேசக்கா.

"எங்கடை அப்புவுக்குக் கடிச்சதுக்கு ஆர் பாத்தது? ஆஸ்பத்திரியே பாத்தது?"

"அப்புவுக்குக் கடிச்சது தண்ணிப் பாம்பு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்!"

இப்படியே அரை மணித்தியாலம் போனது. வாடைக்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. வந்தான் வரத்தான், நாலு நாள் ட்ரைவர், எனக்கு என்ன கதை என்று படலையடியிலேயே நின்றேன். இன்றைக்கு என்றால் அந்தத் தமையனையும் தூக்கிக் காருக்குள் போட்டுக்கொண்டு போயிருப்பேன். கடைசியில் சிவராசாவே கண்ணைத் திறந்து, "அண்ணை, என்னைக் கொண்டு போகட்டும்" என்றார். அதோடு தமையனின் குரல் அடங்கியது. பாயோடு தூக்கிப் பின் சீற்றில் ஏற்றினோம். பரமேசக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

பற்றறி பலமில்லாதது. முன்னால் போய் ஹான்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் சுற்றினேன். இருமல்கூட இல்லை.

என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். பொனற்றில் கை வைத்தால் குளிர்ந்துபோய்க் கிடந்தது. காபரேற்றருக்குள் நிற்பது முழுக்க மண்ணெண்ணெய். தெரிந்தும் என்ன சொன்னேன்?

"ஒரு நிமிசம்."

திரும்பவும் சுற்றினேன். சுற்றச் சுற்ற மண்ணெண்ணெய் போய் பிளக்குகள் எல்லாம் நனைந்துகொண்டிருந்தன. அதுவும் எனக்குத் தெரியும். "ஒரு நிமிசம் அக்கா, இப்ப வந்திடும். குளிருக்கு இப்பிடித்தான்." வேர்வை கண்ணுக்குள் ஓடியது. மனதில் என்ன ஓடியது என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். அந்த மனிசனின் கால் ஓடவில்லை. முரசில் வந்த இரத்தம் ஓடவில்லை. வேலை போகப் போகிறது, வகுப்பறைக்குப் போய் மேரிக்கு என்ன சொல்வது, கிளாக்கர் ஐயா "ம்" என்று சொல்வாரே. இவ்வளவும்தான் ஓடியது. மூன்றாம் தரமும் "ஒரு நிமிசம்" என்றேன்.

பின் கதவு திறந்து சாத்திய சத்தம் கேட்டது. பரமேசக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"தம்பி, என்ரை முகத்தைப் பாரும். இது கிளம்புமோ, கிளம்பாதோ? கிளம்பாதெண்டால் நான் ஒரு வண்டிலாவது பிடிப்பன். உம்மடை ஒரு நிமிசத்திலை அவர் செத்துப்போவார்."

ஹான்டிலைக் கீழே வைத்தேன்.

"கிளம்பாது அக்கா. பிழை என்னிலை. பெற்றோலை மிச்சம் பிடிக்கிறதுக்காக மண்ணெண்ணெயிலை நிப்பாட்டிப் போட்டன்."

தமையன் வேலியடியில் நின்று "பாத்தியே!" என்று தொடங்கினார். பரமேசக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் கூசுகிறது. ஆனால் அதில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. விசயம் என்னவென்று தெரிந்துவிட்ட ஆறுதல் மாதிரி.

"விசரே உமக்கு? இறைப்பு மெசினை ஆரும் மண்ணெண்ணெயிலை நிப்பாட்டுவினமே? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எத்தினை பிளக்?"

"நாலு."

"கழட்டும். இந்தா வாறன்."

கிணற்றடிக்கு ஓடினார். இறைப்பு மெசினின் பிளக் சாவியோடு வந்தார். அந்த அம்மா ஒவ்வொரு காலமையும் தன் கையால் மெசின் கிளப்பித் தோட்டத்துக்குத் தண்ணி விடுகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பிளக்குகளைக் கழற்றிக் கழற்றிக் கொடுக்க, அவர் குறட்டில் பிடித்துக் குசினி அடுப்பில் வாட்டினார். அதற்குள் நான் காபரேற்றரில் நின்ற மண்ணெண்ணெயை வடித்து ஊற்றினேன். "அத்தான், சும்மா நிக்காமல் அவரின்ரை தலையைப் பிடியுங்கோ!" என்று உள்ளே இருந்து அவர் போட்ட சத்தத்தில் தமையனும் காருக்குள் ஏறிவிட்டார். பிளக் பூட்டுகிற துவாரம் ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு துளி பெற்றோல் விட வேண்டும். என் கை நடுங்கி, பாதி வெளியில் கொட்டியது.

"நடுங்கட்டும். நடுங்கிற கையாலையே விடும். நிண்டு பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை."

தம்பிமார், இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான். சொன்ன அந்த அம்மாவின் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குறட்டில் பிளக் கிலுகிலு என்று ஆடியதை நான் பார்த்தேன்.

சூடான பிளக்குகளைப் பூட்டி, போத்தலில் மிச்சம் கிடந்ததை முழுக்க விட்டு ஹான்டிலைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. தமையன் இறங்கிக்கொண்டார். பரமேசக்கா ஏறினார். பிளக் சாவி என் சேட்டுப் பொக்கற்றுக்குள் கிடந்தது.

போத்தல் இப்போது வெறும் போத்தல். வழியில் ஒருதரம் நின்றால் அவ்வளவுதான். கிடங்கும் மேடுமான றோட்டு. வேகமாகப் போனால் அந்த மனிசன் குலுங்குவார், மெதுவாகப் போனால் நேரம் போகும். அரைவாசித் தூரம் போகவில்லை, மேலே இருந்து சுடுகிற ஆமி ஹெலிக்கொப்டரின் சத்தம் கேட்டது. றோட்டில் போன சைக்கிள்கள் எல்லாம் வேலியோரம் விழுந்தன. நானும் ஒரு புளியமரத்துக்குக் கீழே காரை விட்டேன்.

"நிப்பாட்டும் தம்பி! சத்தம் மேலை கேக்கப்போகுது!"

"நிப்பாட்டினால் பேந்து கிளம்பாது அக்கா. பெற்றோல் முடிஞ்சுது."

நெருக்கிக் கேட்காமலே முதல் தரம் எனக்கு அப்படி வாயில் வந்தது. சுற்றி வளைக்காமல், உள்ளதை உள்ளபடி. அவர் சிவராசாவின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டார். "அப்ப நிப்பாட்டாதையும். ஓடட்டும்" என்றார். மேலே அது வட்டம் போட்டது. கீழே எங்கள் கார் இரும்புக் கடைமாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. பின் சீற்றில் சிவராசா முனகினார். நான் சாவியில் கை படாமல் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தேன். பயம் வந்தால் கை தன்பாட்டில் சாவிக்குப் போய்விடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. சத்தம் தூரப் போனது. நாங்கள் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பரமேசக்கா பின்னால் ஓடினார், திரும்பிப் பார்க்கவில்லை. சிவராசா பிழைப்பாரா மாட்டாரா என்று கேட்க ஏலாமல், காரை நிற்பாட்டவும் ஏலாமல், அப்படியே திரும்பினேன்.

திரும்பி வருகிற வழி முழுக்க ஒரு பொய் கட்டினேன். போத்தலில் இருந்து வருகிற ரியூப் வெடித்துப் பெற்றோல் ஒழுகிப் போனது. நல்ல பொய். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மருந்துச்சாலைக்குள் காரைக் கொண்டுவந்து விட்டேன். கிளாக்கர் ஐயா வந்தார். பொனற்றைத் திறந்தார். காதில் இருந்து பென்சிலை எடுத்தார், கோடு கீற அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன நடந்தது?"

வாயைத் திறந்தேன். ரியூப் கதைதான் வரப்போகிறது என்று நானே நினைத்தேன். "நான் நாலு நாளாய் உங்களுக்கு நல்ல பிள்ளையாய் நடிச்சனான் ஐயா" என்று வந்தது. பிறகு எல்லாம் வந்தது. மண்ணெண்ணெய்க் கார் ஓட்டத் தெரியாது என்பதும், மூன்று "ஒரு நிமிசமும்", எல்லாம்.

அவர் ஒரு மர வாங்கில் போய்க் குந்தியிருந்தார். அவர் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். எப்போதும் நிற்கிற மனிசன்.

"முப்பது வருசம் கச்சேரியிலை கடுதாசி எழுதினனான் தம்பி. ஒரு உயிர் என்ரை கையெழுத்திலை நிண்டதில்லை. இது எனக்கும் புது வேலை. மருந்து தெரியாது, மெசின் தெரியாது. என்னத்தைப் பாக்கிறதெண்டு தெரியாமல் போத்தலைப் பாத்தனான்."

எழும்பி வந்து, எச்சில் தொட்டுப் பெருவிரலால் அந்தக் கடதாசியைத் தேய்த்தார். கோடுகள் கறுத்துப் பூசுப்பட்டன. கடதாசியும் கிழிந்து வந்தது. "நாளைக்கு நேரத்தோடை வாரும்" என்றார்.

நாளைக்கு. அதுதான் பிள்ளைகள், முதல் நாளைவிடக் கொடுமையானது. பிழைவிட்டதற்கு அடுத்த நாள். சீலைக்கு இந்தப் பக்கம் பாயில் கிடந்து, போகாமல் விட என்ன வழி என்று யோசித்தேன். சேட்டைத் தோய்க்க எடுத்த மேரி பொக்கற்றில் இருந்து பிளக் சாவியை எடுத்து என் தலைமாட்டில் வைத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால் அந்த மனிசன் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். எட்டு நாள் அதைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரியில் போய் விசாரித்திருக்கலாம். பயம்.

ஒன்பதாம் நாள் போனேன். படலையடியில் நின்று கேட்டேன், இறைப்பு மெசின் ஓடுகிற சத்தம். ஆனால் அது பரமேசக்கா ஓடவிடுவதாகவும் இருக்கலாமே. செத்த வீட்டிலும் வெங்காயத்துக்குத் தண்ணி வேண்டும்தானே. அப்போது மெசின் சத்தம் மாறியது. மண்ணெண்ணெயில் இருந்து பெற்றோலுக்கு. எண்ணி ஒரு நிமிசம் ஓடி, பிறகு நின்றது. கிணற்றடியில் இருந்து பரமேசக்காவின் குரல்: "பாத்தியளே, உப்பிடித்தான் நிப்பாட்ட வேணும். அந்தக் கார்க்காரனுக்குச் சொல்லிக் குடுங்கோ, படலையிலை வந்து நிக்கிறார்."

கால் கட்டோடு வாங்கில் இருந்துகொண்டு சிவராசா சிரித்தார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடல்காரன் அழுகிறதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. பிளக் சாவியை நீட்டினேன். "வைச்சிரும்" என்றார் பரமேசக்கா, "உமக்குத் தேவைப்படும்."

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் பிடித்தேன். காரில் ஏறுகிற ஆர் எவரானாலும், நோயாளியோ கூட வருகிறவரோ, முதலில் சொல்லிவிடுவேன்: "எனக்குப் பதட்டம் வந்தால் மறந்துபோவன். நிப்பாட்ட முன்னம் பெற்றோல் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ." முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தால் காருக்குள் இருந்து ஒரு கோஷம் வரும், "தம்பி, பெற்றோல்!" பிரசவ வலியில் கத்துகிற பெண்களும் நடுவில் ஒருதரம் "அண்ணை, பெற்றோல்!" என்று கத்துவார்கள். நான் குழாயைத் திருப்பி, மூக்கை வெளியே நீட்டுவேன். மணம் மாறும். அதற்குப் பிறகு ஒருநாளும் என் கார் கிளம்பாமல் நின்றதில்லை. இதைப் பெருமைக்கே சொல்கிறேன்.

நடுக்கம் போனதா என்று கேட்டால், இல்லை. கடைசியாய் வான் ஓட்டின நாள் காலமையும் மூன்று தரம் வெளியில் போய்வந்தேன். வீட்டுக்கு வந்த தம்பி, உமக்கு அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். கை நடுங்குகிறது என்று என்னிடம் வந்து சொன்னீரே, அதை நான் நாலாம் நாள் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீர் என்னைவிடக் கெட்டிக்காரன். அதையே உம்மோடு வண்டியில் ஏறுகிற நேர்ஸ் மிசிக்கும் சொல்லும்.

இன்னும் ஒன்று. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்குகிறதென்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மழைக்குள், சனம் அசையாமல் நின்றது. நேரம் மத்தியானம் இருக்கும். என் காருக்குள் நாலு நோயாளிகள். கோஷம் போடத் தெம்புள்ளவர் ஒருவரும் இல்லை. முந்தின நாள் தொடங்கி நான் கண் மூடவில்லை. மண்ணெண்ணெயும் குறைந்துகொண்டு வந்தது. இனி எப்போது அசையுமோ தெரியாது, நிற்பாட்டுவோம் என்று கை தன்பாட்டில் சாவிக்குப் போனது.

கண்ணாடியில் யாரோ டக்கென்று தட்டினார்கள். மழைக்குள் நனைந்த ஒரு முகம், பரமேசக்கா. அதற்குப் பின்னால் ஒரு மனிசன், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, கரியரில் இறைப்பு மெசின் கட்டின சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பெற்றோல்!"

நான் சாவியில் இருந்து கையை எடுத்தேன். குழாயைத் திருப்பினேன்.